ஒரு நாள் கையில் இருந்தால் இலங்கையில் எந்த விகாரைக்குப் போவது?

இலங்கைக்குப் போய்வருகிற நம்மவர்களின் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கண்டி தலதா மாளிகை, சிகிரியா, தம்புள்ளைக் குகைகள், முடிந்தால் அநுராதபுரம். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலதா மாளிகைக்குப் பூசை நேரத்தில் போனால், மேளச் சத்தத்துக்கும் நெரிசலுக்கும் நடுவே புத்தரின் பல் வைத்த பேழை இருக்கும் அறையின் வாசலைச் சில நொடிகளில் கடந்துவிட வேண்டியிருக்கும். தம்புள்ளையில் ஒரு குழு வெளியேறுவதற்குள் அடுத்த குழு உள்ளே வந்துவிடும். "கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு பௌத்தக் கோயில் வேண்டும், ஒரு நாள்தான் ஒதுக்க முடியும், எங்கே போகலாம்?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டியில் தங்குகிறவர்களுக்கு லங்காதிலக விகாரை, கூடவே கடலாதெனிய. திருகோணமலைப் பக்கம் போகிறவர்கள் வெல்கம் விகாரையை விட்டுவிடக் கூடாது. கொழும்பிலிருந்து குருநாகல் வழியாகத் தம்புள்ளைக்குக் காரில் போகிறவர்களுக்கு ரிதி விகாரை. அலுவிகாரை, முல்கிரிகல இரண்டும் நல்ல இடங்கள்தான், ஆனால் அமைதி தேடிப் போகிறவருக்கு நான் அவற்றை அடுத்த வரிசையில்தான் வைப்பேன்.

எதை வைத்து இப்படிப் பிரிக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். ஒரு கோயிலில் அரை மணி நேரம் உட்கார முடிய வேண்டும் என்றால் நிழல் வேண்டும், கால் சுடாத தரை வேண்டும், பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் கூட்டம் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், மனசு பிடித்துக்கொள்ள அங்கே ஏதாவது இருக்க வேண்டும். ஆளே இல்லாத இடம் என்பது மட்டும் போதாது. அப்படிப்பட்ட இடத்தில் பத்து நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவோம்.

முதலில் அலுவிகாரையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லா ஓட்டுநர்களும் பரிந்துரைப்பது அதைத்தான். மாத்தளையைத் தாண்டியதும், கண்டியிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பெருஞ்சாலையிலேயே இருக்கிறது. அதன் பெருமை சாதாரணமானது அல்ல. அதுவரை வாய்மொழியாகவே பிக்குகள் காத்துவந்த பௌத்த மறையான திரிபிடகத்தை, கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமினி மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் அலைக்கழித்த பிறகு, முதன்முதலாக ஓலையில் எழுதிவைத்த இடம் இது. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கும்போது ஆங்கிலேயர் இங்கிருந்த ஏட்டுச் சேகரிப்பை அழித்தார்கள். இன்றைக்கும் ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது ஒன்றுமே தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்த மையை மேலே தேய்த்துத் துணியால் துடைத்ததும்தான் கீறலுக்குள் மை தங்கி எழுத்து கறுப்பாக எழுந்து வரும். நம் ஊரில் சுவடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே பார்த்தவர்களுக்கு இது அருமையான காட்சி. ஆனால் சாலையோரம் என்பதால் வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் போகும் வண்டிகள் எல்லாம் இங்கேயும் நிற்கும். தம்புள்ளைக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். உங்கள் ஒரு நாளை இதற்குக் கொடுக்காதீர்கள்.

முல்கிரிகல தெற்கே, தங்காலையிலிருந்து உள்நோக்கிப் போனால் வரும் பாறை. சுமார் 200 மீட்டர் உயரம், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், வழியில் அடுக்கடுக்காகக் குகைக்கோயில்கள். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் உரைச்சுவடி ஒன்றை 1826இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் டேர்னர் கண்டெடுத்தது இங்கேதான், அது கிடைத்த பிறகே அந்த நூலை மொழிபெயர்க்க வழி பிறந்தது. தென்கரையில் கடலுக்காகப் போகிறவர்களுக்கு நல்ல மாற்று. மூட்டு வலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

இனி ரிதி விகாரை. குருநாகலுக்கு வடகிழக்கே, ரிதிகம என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. மகாவம்சம் சொல்லும் கதை இது: துட்டகைமுனு மன்னன் அநுராதபுரத்தில் ருவன்வெலிசாயத் தூபியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளி தேவைப்பட்டது. மலைநாட்டுப் பக்கம் வந்த வணிகன் ஒருவன் பெரிய பலாப்பழம் ஒன்றைக் கண்டு, அதன் மேல்பாகத்தை அறுத்து, அங்கு வந்த பிக்குகளுக்குத் தானம் கொடுத்தான். பிறகு அவனுக்கு ஒரு குகையில் வெள்ளி தென்பட, போய் மன்னனுக்குச் சொன்னான். அந்த நன்றிக்கு எழுந்த கோயில் என்று ஊர் நம்புகிறது. வளாகத்துக்குள் நுழையும் இடத்தில் 'வரக வலந்து விகாரை', அதாவது பலாப்பழம் உண்ட இடத்து விகாரை என்ற சிறிய கற்கட்டடம் நிற்கிறது. கல் தூண்கள், தட்டையான கல் கூரை, சின்ன முன்மண்டபம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துச் சிவன் கோயில் ஒன்றைத் தூக்கிவந்து பாறைக்குக் கீழே வைத்த மாதிரி இருக்கும். உள்ளே இருப்பவர் மட்டும் புத்தர்.

பெரிய குகையில் சயனக் கோலத்தில் ஒரு நீண்ட புத்தர் சிலை. அதன் முன்னுள்ள மேடையில் நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் எல்லாம் விவிலியக் கதைக் காட்சிகள்! டச்சுக்காரர் கொடுத்தவை என்று சொல்வார்கள். புத்தர் காலடியில் பைபிள் கதை இருப்பது அங்கே யாரையும் உறுத்தவில்லை, பூத்தட்டை அதன் பக்கத்திலேயே வைக்கிறார்கள். மேலே உள்ள உட விகாரை 18ஆம் நூற்றாண்டுக் கண்டி மரபு. அதைப் புதுப்பித்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழியில் வந்து கண்டியை ஆண்டு, சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து இலங்கையில் உபசம்பதை (பிக்குகளின் முழுத் துறவேற்பு) மரபை மறுபடி நிலைநிறுத்தியவன். சைவ வைணவக் குடும்பத்து இளைஞன் ஒருவன் பௌத்தத்தைத் தூக்கி நிறுத்தியது வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் ஒன்று.

ரிதி விகாரையில் குறை என்றால் பயணம்தான். பேருந்தில் போக நினைத்தால் குருநாகலில் இறங்கி இன்னொரு பேருந்து, அப்புறம் ஆட்டோ என்று பாதி நாள் போய்விடும். சொந்த வண்டியோ வாடகைக் காரோ இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். இருந்தால், கொழும்பு - தம்புள்ளைப் பயணத்தில் இதைவிட நல்ல இடைநிறுத்தம் கிடையாது.

வெல்கம் விகாரை முற்றிலும் வேறு வகை. திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளம் பக்கம், மரங்களுக்கு நடுவே இருக்கும் இடிபாடு இது. செங்கல் தூபியின் எச்சம், சிலைமண்டபத்தின் அடித்தளம், நின்ற கோலத்தில் ஒரு புத்தர். அங்குள்ள தமிழர்கள் இதை நாதனார் கோயில் என்பார்கள். இங்கே இருக்கும் தமிழ்க் கல்வெட்டுகளில் இதன் பெயர் 'இராசராசப் பெரும்பள்ளி'. ஆம், சோழர் காலத்துப் பெயர்தான். 11ஆம் நூற்றாண்டில் அவர்கள் இலங்கையின் வடபாதியை ஆண்டபோது பல பௌத்தத் தலங்கள் அழிந்தன என்று சிங்கள நூல்கள் சொல்கின்றன. அதே காலத்தில் இந்த விகாரைக்கு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரியப் பசுக்களும் காசும் கொடுத்தவர்கள் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இராசராசன் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன அல்லவா, அதன் மறுகரை இது என்று வைத்துக்கொள்ளலாம். நாகையின் விகாரை இன்று மண்ணில் இல்லை. இங்கே கல்லாவது இருக்கிறது.

பௌத்தம் என்றால் சிங்களம், தமிழ் என்றால் சைவம் என்று பிரித்துப் பேசியே பழகிவிட்டோம். விளக்குக்குப் பசு கொடுத்த அந்தத் தமிழ் பௌத்தர்களை இரண்டு பக்கமும் மறந்துவிட்டது. திருகோணமலை மாவட்டத்தில் தொல்லியல் இடங்களைச் சுற்றி இன அடிப்படையிலான இழுபறி இன்றும் உண்டு, பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றுகளில் நடந்த தகராறுகள் செய்தியில் வந்தவையே. அதனால் போகிறவர்கள் அங்கே வாதாடப் போக வேண்டாம். போய், அந்த எழுத்துகளைப் பார்த்து, நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இந்த ஒரு விகாரைக்காவது போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் எல்லோருக்கும் இது பிடிக்காது. இடிபாட்டில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள், பூசையும் விளக்குமாக உயிரோட்டமான கோயிலை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கடை கண்ணி அதிகம் இல்லை, தண்ணீர் எடுத்துப் போக வேண்டும், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கரையில் மழை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வானம் தெளிவு, ஆனால் வெயில் கடுமை, காலை ஏழு ஏழரைக்கே போய்விடுவது நல்லது.

சரி, இப்போது லங்காதிலக. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் முதலிடம் ஏன் இதற்கு?

கண்டியிலிருந்து கொழும்புச் சாலையில் பேராதனையைத் தாண்டிப் பிலிமத்தலாவைக்கு வந்தால், இடப்புறம் பிரியும் கிராமத்துச் சாலையில் முதலில் கடலாதெனிய, இன்னும் சில கிலோமீட்டரில் லங்காதிலக, அதற்கும் அப்பால் எம்பெக்க. கண்டியிலிருந்து ஆட்டோவில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். உள்ளூர்ப் பேருந்துகளும் உண்டு. இவ்வளவு அருகில் இருந்தும், வரும் வெளியாட்களில் பலர் எம்பெக்கவின் மரத்தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அன்னமும் இரட்டைத்தலைக் கழுகும் மல்லர்களும் செதுக்கிய அந்தத் தூண்கள் உண்மையிலேயே அழகு. ஆனால் அது கதிர்காமக் கடவுளுக்கான தேவாலே, விகாரை அல்ல. அந்தத் திசையில் போகும் கூட்டமும் அதற்குத்தான்.

லங்காதிலகவும் கடலாதெனியவும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தவை. கடலாதெனியவைக் கட்டியவர் கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. லங்காதிலகவின் தலைமைச் சிற்பி ஸ்தபதி ராயர், மன்னனின் அமைச்சர் சேனாலங்காதிகாரர் முன்னின்று எழுப்பிய கோயில் அது. ஒன்று கருங்கல், மற்றது செங்கல். கடலாதெனியவின் வாசல் தூண்களில் ஆடுபவர்களும் மத்தளம் அடிப்பவர்களும் இருப்பதைப் பார்த்தால் கும்பகோணத்தில் நிற்கிறோமோ என்று தோன்றும். படிக்கட்டின் இரு பக்கமும் யானைத்தலையும் சிங்க உடலும் சேர்ந்த கஜசிம்மம். நிமிர்ந்தால், விமானம் இருக்க வேண்டிய இடத்தில் தூபி வடிவ முடி. கோயில் நிற்கும் பாறையிலேயே சின்னச் சின்னக் குட்டைகள், அவற்றில் தண்ணீர் தேங்கியிருக்கும். பக்கத்தில் நடுவே பெரியதும் நான்கு திசையிலும் சிறியவையுமாகத் தூபிகள் சேர்ந்த விஜயோத்பாய. கல் வேலையை ரசிக்கிறவர்களுக்கு லங்காதிலகவைவிடக் கடலாதெனிய ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

உட்கார்வதற்கு என்றால் லங்காதிலகதான். பன்ஹல்கல என்ற பாறை முதுகின் மேல் வெள்ளைச் சுவரும் அடுக்கு ஓட்டுக்கூரையுமாக நிற்கிறது. ஒரு காலத்தில் நான்கு மாடி இருந்ததாம், இப்போது இருப்பதே போதுமான கம்பீரம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறி மேலே வந்தால் சுற்றிலும் வயலும் தென்னையும் தூரத்து மலைகளும். காற்று நிற்கவே நிற்காது. வாசல் கிழக்கு நோக்கியது. அதனால் காலையில் கதவு திறந்ததும் வெயில் நேராக உள்ளே போய், மகர தோரணத்தின் கீழ் அமர்ந்திருக்கும் புத்தரின் மடியில் விழும். உள்ளே விதானத்திலும் சுவரிலும் தாமரையும், முந்தைய புத்தர்களிடம் கௌதமர் வரம் பெறும் காட்சிகளும் சிவப்பும் மஞ்சளுமாக. அந்தச் சிவப்பு இவ்வளவு ஆழமாக வேறு எங்கும் பார்த்த நினைவில்லை.

புத்தர் இருக்கும் அதே கட்டடத்தைச் சுற்றி, பின்பக்க வாசல் வழியாகப் போகும்படி தேவாலே இருக்கிறது. அதில் உபுல்வன், சமன், விபீஷணன், கந்தன், கணபதி. புத்தருக்குப் பின்னால் நம் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே பல தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே போகக் காரணமாகிவிடும். தேவாலேயில் பூசை செய்பவர் கபுராள, பிக்கு அல்ல. புதனும் சனியும் தேவாலேக்கு விசேஷ நாட்கள், அந்த இரண்டு நாளும் நேர்த்திக்கடன் தட்டுகளோடு ஆட்கள் வருவார்கள். தனிமை வேண்டும் என்பவர் வேறு நாளில் போகலாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் கல்வெட்டு. கோயிலுக்கு விட்ட நிலங்களையும் கொடைகளையும் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மலைநாட்டின் நடுவில், சிங்கள மன்னன் ஒருவனின் அறக்கொடை, இரண்டு மொழியிலும். 14ஆம் நூற்றாண்டுத் தமிழ், கிரந்த எழுத்தும் கலந்தது, எடுத்தவுடன் வாசிக்க வராது. கல்லெழுத்தைப் பார்க்கச் சாய்ந்த வெயில்தான் சரி. உச்சி வெயிலில் பள்ளம் மேடு தெரியாமல் எல்லாம் ஒரே வெளிர்ப்பாகிவிடும். காலை எட்டு மணி வெளிச்சத்தில் ஓர் எழுத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடுத்ததற்குப் போய், ஒரு சொல் பிடிபட்டுவிட்டால் நேரம் போவதே தெரியாது. மனசு பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றேனே, இதைத்தான் சொன்னேன்.

மூத்தவர்களோடு போனால்? லங்காதிலகவுக்கு ஒரு பக்கம் செங்குத்தான பாறைப் படிகள், இன்னொரு பக்கம் வண்டி ஓரளவு மேலே வரும் வழி. ஆட்டோக்காரரிடம் படி குறைந்த பக்கமாகக் கொண்டுபோகச் சொன்னால் புரிந்துகொள்வார். கடலாதெனியவில் ஏற்றம் குறைவு, அம்மா அப்பாவுக்கு அதுவே வசதி. ரிதி விகாரையிலும் கீழ்ப்பகுதியைச் சிரமமில்லாமல் பார்க்கலாம்.

எங்கே போனாலும் பொருந்தும் சில விஷயங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, முடிந்தால் வெள்ளை. தொப்பியும் செருப்பும் வெளியே. பாறைக் கோயில்களில் பதினொரு மணிக்கு மேல் வெறுங்கால் வைக்க முடியாது, பையில் ஒரு ஜோடி பழைய காலுறை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அதே பாறை வழுக்கும். கண்டிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை வழக்கம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கக் கூடாது, இதை அங்கே மிகவும் கடுமையாகவே எடுத்துக்கொள்வார்கள். கையில் புத்தர் பச்சை குத்தியிருந்ததற்காக 2014இல் ஒரு பிரிட்டிஷ் பயணியை விமான நிலையத்தில் கைது செய்து, பிறகு நாடுகடத்தினார்கள். பூ வாங்கினால் முகராதீர்கள், முகர்ந்த பூவை வைப்பதில்லை.

சிலைமண்டபம் பூட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டாம். சின்ன விகாரைகளில் அது வழக்கம்தான், சாவி பிக்குவிடமோ காவலாளியிடமோ இருக்கும். பிக்குகள் தங்கும் பன்சலைப் பக்கம் போய்க் கைகூப்பிக் கேட்டால் திறந்துவிடுவார்கள். ஆனால் பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை என்பதால் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அவர்களின் உணவு நேரம். அந்த நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம், வெளிநாட்டவரிடம் சிறு கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. உண்டியலுக்கும் சேர்த்துச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராம விகாரைகளில் அறநெறிப் பாடசாலை நடக்கும். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் கூட்டம், கூச்சல். அழகான காட்சி, ஆனால் தனிமைக்கு உதவாது. போயா நாள் எனக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வரும் விடுமுறை அது. தலதா மாளிகையில் அன்றைக்கு நிற்க இடமிருக்காது. லங்காதிலக போன்ற இடத்தில் ஊர்ப் பெண்கள் வெள்ளைச் சேலையில் 'சில்' எடுத்துக்கொண்டு, அதாவது அன்றைக்கான நோன்பு ஏற்று, வெள்ளரச மரத்தடியில் பாய் விரித்து, மெல்லிய குரலில் ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஆள் இருக்கும், சத்தம் இருக்காது. பெருங்கூட்டம் கூடும் வெசாக், பொசன் போயாக்களை மட்டும் தவிர்த்துவிட்டு, சாதாரணப் போயாவில் போவதைத் தயங்காமல் சொல்வேன். அன்று மது விற்பனையும் இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண்டியிலிருந்து கிளம்பும் திட்டம் இப்படி இருந்தால் நல்லது: காலை ஏழு மணிக்குள் வண்டி ஏறி முதலில் லங்காதிலக. அங்கிருந்து கடலாதெனியவுக்கு முடிந்தவர்கள் நடக்கலாம், வயல் ஓரமாகவும் வீட்டுத் தோட்டங்களுக்கு இடையிலும் போகும் வழி, ஒரு மணி நேரம் பிடிக்கும். வெயில் ஏறுவதற்குள் கடலாதெனியவில் இருந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குக் கண்டி திரும்பிவிடலாம். ஓட்டுநர் பெரும்பாலும் எம்பெக்கவில் தொடங்குவதாகச் சொல்வார், லங்காதிலகவிலிருந்து தொடங்க வேண்டும் என்று வாடகை பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வழியில் கடைகளில் நிறுத்துவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். பிலிமத்தலாவைச் சாலையோரப் பித்தளைக் கடைகளில் கையால் வேலை செய்த குத்துவிளக்குகள் கிடைக்கும், அவற்றுக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம்.